‘பரையா’ என்னும் ஆங்கில அடைமொழி: லண்டன் தமிழ் எழுத்தாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

லண்டனில் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதும் இதழாளர்கள், ஆசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் அனைவருக்கும்,

ஆங்கில நாளிதழ்களின் வெளிநாட்டுச் செய்திப் பக்கங்களில் ‘பரையா ஸ்டேட்’ என்ற தொடர் சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது. நிறவெறி ஆட்சிக்காலத் தென்னாப்பிரிக்கா, கடாபியின் லிபியா, வட கொரியா, 2022-இல் உக்ரைன்மீது படையெடுத்த ரஷ்யா ஆகிய எல்லா நாடுகளுக்கும் இந்த அடைமொழி சூட்டப்பட்டிருக்கிறது. 2019 நவம்பரில் அமெரிக்க ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களின் விவாத மேடையில் ஜோ பைடன் சவூதி அரேபியாவைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்தியதும் இதே சொல்தான். பதவி பறிபோன அரசியல்வாதி, மோசடியில் சிக்கிய வங்கியாளர், ஊக்கமருந்து உண்ட ஓட்டக்காரர் என்று தனி ஆட்களையும் அது விட்டுவைப்பதில்லை. யாரும் கிட்ட நெருங்கக் கூடாத, கைகுலுக்கக் கூடாத இழிநிலையில் இருப்பது என்பதே இதன் பொருள். இலக்கணப்படி பெயர்ச்சொல்லான இது, இன்னொரு பெயருக்கு முன்னால் நிற்கும்போது அடைமொழியாக வேலை செய்கிறது. ஆங்கிலத்தில் இகழ்ச்சி காட்டும் அடைமொழிகள் பல உண்டு. ஆனால் இன்றும் வாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு தமிழ் மக்கள் கூட்டத்தின் பெயரே இகழ்ச்சியின் அளவுகோலாகி நிற்பது இந்தச் சொல்லில்தான். அதன் வரலாறு, அது வேலை செய்யும் விதம், அதைக் கைவிட வேண்டியதன் காரணம், அதற்குப் பதிலாக எழுதத்தக்க சொற்கள் ஆகியவற்றை இம்மடல் வரிசையாக எடுத்துரைக்கிறது.

சொல்லின் வேர் தமிழில் இருக்கிறது. ‘பறை’ என்றால் தோற்கருவி. ‘பறைதல்’ என்றால் சொல்லுதல். யாழ்ப்பாணத்து ஊர்ப் பேச்சிலும் மலையாளத்திலும் ‘பறைதல்’ இன்றும் பேசுவதையே குறிக்கிறது. ஊருக்குச் செய்தி சொல்லும் கருவி பறை, அதை முழக்குபவர் பறையர் என்று கால்டுவெல் முதலியோர் விளக்கினர். வேறு விளக்கம் தந்தவர்களும் உண்டு. புறநானூற்றின் 335-ஆம் பாடல் துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனையும் சேர்த்து நான்கு குடிகளாகச் சொல்கிறது. அங்கே அந்தப் பெயரில் இழிவின் சாயல் ஏதுமில்லை. பதினோராம் நூற்றாண்டின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளுக்கு வரும்போது நிலைமை மாறிவிடுகிறது. வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் ‘பறைச்சேரி’யும் ‘தீண்டாச்சேரி’யும் தனித்தனியே வருகின்றன. குடியிருப்பு பிரிக்கப்பட்டுவிட்டதற்கும், தீண்டாமை நிலவியதற்கும் கல்லிலேயே சான்று கிடைக்கிறது. ஆகவே, இழிவைக் கண்டுபிடித்தவர் ஆங்கிலேயர் அல்லர். அது தமிழ் நிலத்தில் சாதி உண்டாக்கிய இழிவு. ஆங்கிலம் சொல்லோடு சேர்த்து அந்த இழிவையும் வாங்கிக்கொண்டது. பின்னர் உலகமெங்கும் பரப்பியது.

ஐரோப்பியர் எழுத்தில் இப்பெயர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, போர்த்துகீசியரான துவார்த்தே பர்போசாவின் குறிப்புகளில் தென்படுகிறது. ஆங்கிலத்தில் 1613-இல் லண்டனில் வெளியான சாமுவேல் பர்ச்சஸின் பயணத் தொகுப்பில் இடம்பெற்றது. அப்போது அது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர் மட்டுமே. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி காலூன்றிய பிறகு ஐரோப்பியர் வீடுகளில் சமையலும் எடுபிடி வேலையும் செய்தவர்களிலும், சென்னைப் படையில் சேர்ந்த சிப்பாய்களிலும் இச்சமூகத்தார் பலர் இருந்தனர். ஐரோப்பியர் கண்ணில் அன்றாடம் பட்டவர்கள் இவர்கள் என்பதால், ஒடுக்கப்பட்ட எல்லாச் சாதிகளுக்கும், சாதிக்கு வெளியே தள்ளப்பட்ட எல்லோருக்கும் இந்த ஒரே பெயரை ஆங்கிலேயர் பொதுவாக்கினர்.

1886-இல் லண்டன் ஜான் முர்ரே பதிப்பகம் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி இந்த மாற்றத்தை அப்படியே பதிவுசெய்திருக்கிறது. ஹென்றி யூல், ஏ.சி. பர்னெல் இருவரும் தொகுத்த அந்த நூல், ஒரு குறிப்பிட்ட தமிழ்ச் சாதியின் பெயரைச் சாதியற்றோர் எல்லோருக்கும் சூட்டுவது சரியான வழக்காகாது என்று சொல்கிறது. ஆனால் அதே பதிவில் அச்சமூகத்தின் உணவையும் பழக்கவழக்கங்களையும் இழித்துப் பேசவும் செய்கிறது. அதே நூலில் அடைமொழிப் பயன்பாட்டின் தொடக்கத்தையும் காணலாம். கப்பல்காரர்களுக்கும் சிப்பாய்களுக்கும் விற்கப்பட்ட நச்சுச் சாராயத்துக்குப் ‘பரையா அரக்கு’ என்று பெயர். தெருவில் திரியும் நாய் ‘பரையா டாக்’. ஊர்ப் பருந்துக்கும் ‘பரையா கைட்’ என்ற பெயர் ஆங்கிலோ-இந்திய வழக்கில் ஒட்டிக்கொண்டது. கெட்ட சாராயம், சொந்தக்காரர் இல்லாத நாய், கழிவைக் கொத்தும் பறவை: அடைமொழியாக இச்சொல் முதலில் பழகிய இடங்கள் இவை. நாட்டின் பெயருக்கு முன்னால் அது இன்று நிற்பது இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியே.

உருவகப் பொருளை ஐரோப்பா முழுவதும் கொண்டு சென்றது பிரெஞ்சு இலக்கியம். 1791-இல் பெர்னார்தென் த சென்-பியேர் எழுதிய ‘இந்தியக் குடிசை’ என்ற கதையின் நாயகன் ஊருக்கு வெளியே வாழும் ஒரு பறையர். 1821-இல் காசிமீர் தெலவீஞின் ‘பரையா’ நாடகம் பாரிசில் அரங்கேறியது. 1824-இல் கதே இதே தலைப்பில் முக்கவிதை வெளியிட்டார். 1829-இல் தொனிசெத்தியின் இசைநாடகம் நேப்பிள்ஸில் மேடையேறியது. 1838-இல் ஃப்ளோரா திரிஸ்தான், பிரான்சில் கணவனைப் பிரிந்த பெண்ணின் நிலையைச் சொல்லத் தம் பயண நூலின் தலைப்பில் தம்மையே பரையா என்று குறித்தார். ஆங்கிலத்தில் சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர் என்ற பொதுப் பொருள் 1819 முதல் காணப்படுகிறது. பின்னர் மாக்ஸ் வேபர் யூதர்களைப் ‘பரையா மக்கள்’ என்று வகைப்படுத்தினார். 1944-இல் ஹன்னா அரென்ட் யூதர்களின் மறைந்திருந்த ஒரு மரபை இச்சொல்லாலேயே விளக்கினார். இந்தப் படைப்பாளர்களில் பலர் ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்றவர்கள் என்பது உண்மை. எனினும் அவர்கள் எழுத்திலும் தமிழ்நாட்டுப் பறையர் உருவகமாக வந்தாரே தவிர, பெயரும் ஊரும் உரிமையும் உள்ள மனிதராக வரவில்லை.

இகழ்ச்சி அடைமொழிகள் ஆங்கிலத்தில் இரண்டு வகையாக வேலை செய்கின்றன. ‘டெஸ்பிக்கபிள்’, ‘கன்டெம்ப்டிபிள்’ போன்றவை செயலைப் பார்த்து மதிப்பிடுகின்றன. ஒருவர் கேவலமான காரியம் செய்தார், ஆகவே வெறுக்கத்தக்கவர் என்கின்றன. செயலை நிறுத்தினால் அடைமொழியும் விலகும். ‘பரையா’வின் வேலை வேறு. ‘பரையா ஸ்டேட்’ என்று எழுதும் ஒருவர் மூன்று கூற்றுகளை ஒன்றாகக் கட்டித் தருகிறார். அந்த நாடு விலக்கப்பட்டிருக்கிறது என்பது முதலாவது. விலக்கப்படுவதற்கு அது தகுதியானது என்பது இரண்டாவது. விலக்கப்படத் தகுதியானவர்கள் எப்படி இருப்பார்கள் என்று தெரிய வேண்டுமானால் பறையரைப் பார்க்கலாம் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் விவாதத்துக்கு உரியவை. ஆதாரம் காட்டி நிறுவலாம், மறுக்கலாம். மூன்றாவது கூற்று வாதமே இல்லாமல் சொல்லுக்குள் ஒளிந்து வருகிறது. குற்றம் செய்த அரசைக் கண்டிக்கும் வாக்கியத்தில், எந்தக் குற்றமும் செய்யாத மக்கள் ஒப்புமைக்கு இழுக்கப்படுகிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆங்கிலத்திலேயே வேறு சொற்கள் இருக்கின்றன. ‘ஆஸ்ட்ரசைஸ்’ என்ற வினை பண்டைய ஏதென்ஸ் வழக்கிலிருந்து வந்தது. அங்கே குடிமக்கள் பானையோட்டில் பெயரைக் கீறி வாக்களித்து, ஒரு தனி மனிதரைப் பத்து ஆண்டுகளுக்கு நகரைவிட்டு அனுப்பினார்கள். தண்டனை ஒருவருக்கு, அதுவும் காலவரையறையோடு. பிள்ளைகளுக்கு அது தொடர்வதில்லை. ‘பாய்காட்’ என்ற சொல் 1880-இல் அயர்லாந்தில் குத்தகைக்காரர்கள் ஒதுக்கிவைத்த ஒரு பண்ணை மேலாளரின் குடும்பப் பெயர். அவர் நடத்தைக்காக மக்கள் திரண்டு எடுத்த முடிவு அது. ‘வேண்டல்’, ‘பிலிஸ்டைன்’ போன்றவை மக்கள் கூட்டங்களின் பெயர்களே என்று வாதிடலாம். ஆனால் அந்தக் கூட்டத்தார் என்று இன்று தம்மைச் சொல்லிக்கொள்வோர் யாரும் இல்லை. பறையர் பல லட்சம் பேர் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் வாழ்கிறார்கள். அவர்கள் மரபில் வந்தோர் இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் இருக்கிறார்கள். லண்டனில் பள்ளி செல்லும் தமிழ்ப் பிள்ளை ஒன்று ஆங்கிலப் பாடநூலில் இந்த அடைமொழியைப் படிக்கும்போது, தன் பாட்டனின் சாதிப் பெயரை இழிவின் விளக்கமாகப் படிக்க நேரலாம்.

இந்தப் பெயரை என்ன செய்வது என்று அச்சமூகத்தின் தலைவர்களே நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஆழமாக யோசித்தார்கள். இரு எதிரெதிர் வழிகள் தோன்றின. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) அப்பெயரை முற்றாக மறுத்தார். அது பகைவர் சுமத்திய பெயர், தம் மக்கள் பூர்வ பௌத்தர்கள் என்பது அவர் வாதம். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று இதழ் தொடங்கி, அடுத்த ஆண்டு அதையே ‘தமிழன்’ ஆக்கினார். இரட்டைமலை சீனிவாசனோ 1893-இல் தாம் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயரிட்டார். எந்தப் பெயரைச் சொல்லி ஒதுக்கினார்களோ அந்தப் பெயரோடு நிமிர்ந்து நின்றே உரிமை கேட்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. இரு வழிகளும் வேறுவேறாக இருந்தாலும் அடிப்படை ஒன்று: தம் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை அந்த மக்களுக்கே உண்டு.

சீனிவாசனின் பணி லண்டனையும் எட்டியது. இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தோடு இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்தலாம் என்று 1893-இல் பிரிட்டிஷ் மக்களவை தீர்மானித்தபோது, அதனால் மேல்சாதியினரின் ஆதிக்கமே பெருகும் என்று அவர் எதிர்த்தார். சென்னையில் கூட்டம் கூட்டி, 3,412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள மனுவை வெஸ்ட்மின்ஸ்டருக்கு அனுப்பினார். 1930 நவம்பர் 12 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தொடங்கிவைத்த வட்டமேசை மாநாட்டில், ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் பிரதிநிதிகளாக அம்பேத்கரும் அவரும் வந்தனர். செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் நடந்த அமர்வுகளில் தனி வாக்குரிமையும் குடியுரிமையும் கேட்டனர். லண்டன் நாளிதழ்கள் பரையா என்ற சொல்லை உருவகமாக எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்தப் பெயருக்கு உரியவர் ஒருவர் அரண்மனை மேசையில் அமர்ந்து அரசியல் சட்டம் பேசினார்.

இடையில் சட்டமன்றத்திலும் பெயர்ப் பிரச்சினை தீர்வு கண்டது. சட்டமன்ற உறுப்பினர் எம்.சி. ராஜாவின் முயற்சியால், பஞ்சமர், பறையர் என்று அரசு ஆவணங்களில் எழுதுவதை விடுத்து ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்று குறிக்க வேண்டும் என்ற தீர்மானம் 1922-இல் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆக, சட்டமன்றம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடச் சொன்னதை ஆங்கிலத் தலையங்கம் இன்னும் விடவில்லை.

பிற நாடுகளின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. மலேசியாவில் அப்துல்லா உசேன் எழுதிய ‘இன்டர்லோக்’ நாவல் பள்ளிப் பாடமாக வைக்கப்பட்டபோது, அதில் இச்சொல் இந்தியத் தொழிலாளர்களைக் குறிக்கக் கையாளப்பட்டிருந்ததை எதிர்த்து அங்குள்ள தமிழர்கள் போராடினார்கள். 2011 இறுதியில் நூல் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. இந்தியாவில் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015-இல் திருத்தப்பட்ட பின், பட்டியல் சாதியினரைப் பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லி வைவதை வெளிப்படையாகவே குற்றமாக்குகிறது. இலங்கையில் 1957-ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் கோயில், கடை, பள்ளி முதலிய இடங்களில் சாதி காரணமாகத் தடுப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் சாதியையும் சேர்க்க வேண்டும் என்று 2013-இல் நாடாளுமன்றம் பணித்தும், 2018-இல் அரசு அந்த வழியைக் கைவிட்டது. நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்பது அரசின் விளக்கம். ‘இன மூலம்’ என்ற சொற்களுக்குள் சாதியும் சில சூழல்களில் அடங்கலாம் என்று 2014-இல் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கூறியிருந்தது. சட்டம் இவ்வளவு தயங்கும் நாட்டில், எழுதுவோரின் பொறுப்பு கூடுகிறது.

ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரை இழிசொல்லாக வழங்கிவந்த பழக்கத்தை லண்டன் ஏற்கெனவே ஒருமுறை திருத்திக்கொண்டிருக்கிறது. 1866-இல் ஜான் லாங்டன் டவுன் என்ற மருத்துவர், பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றிய ஒரு பிரிவினருக்கு மங்கோலியரின் பெயரைச் சூட்டி லண்டன் மருத்துவமனை அறிக்கையில் எழுதினார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அப்பெயரே மருத்துவச் சொல்லாக இருந்தது; தெருவில் வசையாகவும் ஆனது. 1961-இல் மரபியல் அறிஞர்கள் பலர் ‘தி லான்செட்’ இதழுக்குக் கடிதம் எழுதி அச்சொல்லைக் கைவிடக் கோரினர். 1965-இல் மங்கோலிய நாட்டுப் பிரதிநிதிகள் உலக சுகாதார நிறுவனத்திடம் நேரில் முறையிட்டனர். இன்று ‘டவுன் சின்ட்ரோம்’ என்றே எழுதுகிறார்கள். பொருள் விளங்காமல் போகவில்லை. பெருமூளை வாதம் உள்ளவர்களைக் குறித்த ‘ஸ்பாஸ்டிக்’ என்ற சொல் பள்ளிக்கூட வசையாகிவிட்டதால், 1952-இல் தொடங்கப்பட்ட ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி 1994-இல் ‘ஸ்கோப்’ என்று பெயர் மாறியதும் இதே நாட்டில்தான். மொழி மாறாது என்பவர்களுக்கு இவை போதுமான விடை.

எதிர்வாதங்களுக்கும் பதில் வேண்டும். ஆங்கில வாசகருக்குச் சொல்லின் வேர் தெரியாது, ஆகவே யாரையும் அது புண்படுத்தாது என்பது ஒன்று. பெரிய ஆங்கில அகராதி எதைப் பிரித்தாலும் இச்சொல்லின் தமிழ் மூலம் குறிக்கப்பட்டிருக்கிறது. மேலும், வாசகர் அறியாமை எழுதுபவருக்குச் சாக்காகாது. தமிழ் அறிந்த எழுத்தாளருக்கு அது கொஞ்சமும் பொருந்தாது. சீனிவாசனே அந்தப் பெயரை ஏந்தினாரே என்பது மற்றொன்று. ஒருவர் தம் பெயரைத் தாமே சொல்வதும், அதை இன்னொருவர் குற்றவாளிக்குச் சூட்டுவதும் ஒன்றல்ல. பறை இசையும் பறையாட்டமும் இன்று தமிழ்நாட்டிலும் புலம்பெயர் மேடைகளிலும் பெருமிதத்தோடு முழங்குகின்றன. அந்தப் பெயர் மறைய வேண்டியதில்லை. அது இழிவின் அடைமொழியாக இருப்பதுதான் முடிய வேண்டும்.

இச்சொல்லைக் கைவிடுவதால் ஆங்கில எழுத்து நுட்பம் இழக்காது, துல்லியம் கூடும். ஐ.நா. பாதுகாப்பு அவை தடை விதித்த நாடு என்றால் ‘சாங்ஷன்ட்’ என்று எழுதலாம். தூதரக உறவு அறுந்த நாடு ‘டிப்ளமேட்டிக்கலி ஐசொலேட்டட்’. சக நாடுகள் பேச மறுக்கும் தலைவர் ‘ஷன்ட்’. கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர் ‘எக்ஸ்பெல்ட்’. செயலே கேவலமானது என்று சொல்ல வேண்டுமானால் ‘டெஸ்பிக்கபிள்’ இருக்கிறது. யார் விலக்கினார்கள், எதற்காக, எந்த நாள் முதல் என்பதை இச்சொற்கள் வாசகருக்குச் சொல்லத் தூண்டுகின்றன; ‘பரையா’ அவற்றை மறைக்கிறது. தெருநாயைக் குறிக்க ‘இந்திய நாட்டு நாய்’ என்ற பொருளுள்ள ஆங்கிலப் பெயர் வழக்கில் உள்ளது. ‘அவுட்காஸ்ட்’ என்ற சொல் சாதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததன்று. ‘எறிதல்’ என்ற பொருளுள்ள பழைய வினையிலிருந்து வந்தது. எனினும் கடைசியில் ஓர் எழுத்துக் கூடி எழுதப்படும்போது சாதிக்கு வெளியே தள்ளப்பட்டவர் என்ற பொருள் வந்துவிடும்; எழுத்துக்கூட்டலில் கவனம் தேவை.

தமிழில் மொழிபெயர்ப்போர் ஆங்கிலத் தொடரை அப்படியே ஒலிபெயர்த்து எழுதக் கூடாது. தனிமைப்படுத்தப்பட்ட நாடு, தடைக்குள்ளான அரசு, உலக நாடுகள் ஒதுக்கிய தலைவர் என்று இடத்துக்கேற்ப எழுதலாம். பழைய நூல்களை மேற்கோள் காட்டும்போதும், அரென்ட், வேபர் போன்றோரின் கருத்தாக்கங்களை விளக்கும்போதும் சொல்லை மாற்ற வேண்டியதில்லை; வரலாற்றை அழிப்பது தீர்வாகாது. அங்கே ஒரு வரியில் சொல்லின் தோற்றத்தைக் குறித்தால் போதும். ஆசிரியர்கள் வகுப்பில் இச்சொல் வரும்போது அதைத் தாண்டிச் செல்லாமல், சீனிவாசனையும் அயோத்திதாசரையும் ராஜாவையும் அறிமுகம் செய்ய அதையே வாய்ப்பாக்கலாம்.

கடைசியாக, தமிழ் வீடுகளுக்குள் வழங்கும் மொழியும் இதே உரைகல்லில் வைத்துப் பார்க்கத்தக்கது. தமிழ்ப் பேச்சிலும் பழமொழித் தொகுப்புகளிலும் இச்சமூகத்தின் பெயர் வசையாக வந்திருக்கிறது. சண்டையில், கேலியில், கல்யாணப் பேச்சில் இன்றும் வருகிறது. கே. டானியல் 1972-இல் ‘பஞ்சமர்’ நாவலில் காட்டிய யாழ்ப்பாணச் சாதிக் கொடுமை ஊரோடு நின்றுவிடவில்லை. விமானம் ஏறி ஈஸ்ட் ஹாமுக்கும் ஹாரோவுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆங்கில ஆசிரியர் குழுவுக்கு ஆட்சேபக் கடிதம் எழுதும் தமிழர், தம் வீட்டு உணவு மேசையில் அதே பெயர் வசையாக வரும்போது வாய்மூடி இருந்தால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை.

ஆகவே, இம்மடல் கேட்பவை மூன்று. லண்டனில் ஆங்கிலத்தில் எழுதும் தமிழர்கள் ‘பரையா’வை அடைமொழியாக எழுதுவதை இன்றோடு நிறுத்த வேண்டும். தாம் பணிபுரியும் இதழ், பள்ளி, பதிப்பகம் ஆகியவற்றின் நடைக் கையேட்டில் இதற்கு ஒரு விதி சேர்க்குமாறு, மேலே சொன்ன வரலாற்றைக் காட்டி, எழுத்து மூலம் கோர வேண்டும். தமிழ்ப் பேச்சில் எந்தச் சாதிப் பெயரும் வசையாக வரும் இடத்தில், யார் சொன்னாலும் அங்கேயே மறுத்துச் சொல்ல வேண்டும்.

லண்டன்